கேள்விக்கு வயது உண்டோ?

"எழுபது வயதைக் கடந்தவருக்கு ஈயத்தைப் பற்றியும் நட்சத்திரத்தைப் பற்றியும் சொற்பொழிவு வைத்து என்ன லாபம்? கபுறுக்குள் கொண்டு போகப் போகிறாரா?" என்று நம் சங்கத்தின் நிர்வாகக் கூட்டமொன்றில் ஓர் அன்பர் வினவினார். மாதத்திற்கு ஒரு தடவை, மூத்தவர்களுக்கென்றே, துறை தெரிந்த ஒருவரை வரவழைத்து, ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசச் செய்வோம் என்ற யோசனை வந்தபோது எழுந்த வினா இது. சிலர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஏனெனில் அது வியாபாரியின் வினா. நாமும் வியாபாரியே. விற்காத சரக்கில் முதலைப் போட எந்த வியாபாரிதான் சம்மதிப்பான்? கல்வி என்பது முதல் என்றால், அது வட்டியில்லாமலேனும் திரும்பி வர நாள் வேண்டும். இருபது வயதுப் பிள்ளைக்கு நாற்பது ஆண்டு இருக்கிறது. எண்பது வயதுப் பெரியவருக்கு என்ன இருக்கிறது?

ஆகவே இவ்வினாவைத் தட்டிக் கழிக்காமல், கூடுமானவரை நேர்மையாக ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம். நம் படிப்பு மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். மற்றதெல்லாம் கடையில் நின்றபடி காதில் விழுந்தவை. ஆதலால் இதில் பாண்டித்தியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய பேச்சு எழுந்தவுடனே, தொட்டில் முதல் மண்ணறை வரை கல்வி தேடுங்கள் என்பது நபிமொழி என்று மேடையில் ஒருவர் முழங்குவது வழக்கம். அவ்வாசகத்திற்கு ஆதாரமான அறிவிப்புத் தொடர் எதுவும் இல்லை, அது ஹதீஸ் அன்று, பிற்கால முதுமொழி என்பதே ஹதீஸ்கலை அறிஞர்களின் முடிவு. கருத்து நல்ல கருத்துதான். ஆயினும் கல்வியைப் பற்றிப் பேசும் இடத்திலேயே சரிபார்க்காத சரக்கை விற்பது அழகன்று. நமக்கு அது தேவையுமில்லை. உறுதியான வரலாறுகளே போதுமானவை இருக்கின்றன.

அபூ ரைஹான் அல்பீரூனியின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கி.பி. 973-இல் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தவர். ஒரு குன்றின் மேல் நின்று, தொடுவானம் எத்தனை பாகை தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தே பூமியின் சுற்றளவைக் கணித்தவர். அவர் இந்தியாவுக்கு வந்து, சமஸ்கிருதம் என்ற புது மொழியைப் பயின்று, அந்நாட்டு மக்களின் சாஸ்திரங்களையும் வழக்கங்களையும் பற்றி மாபெரும் நூலொன்று எழுதினார். அந்த மொழியை அவர் கற்கத் தொடங்கியது பிள்ளைப் பருவத்தில் அன்று. நாற்பதைத் தாண்டிய பிறகுதான். அதாவது இன்று நம்முடைய வயதில். நமக்கோ கைப்பேசியில் புதிதாக ஒரு பொத்தான் வந்தாலே மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது!

அந்தப் பெரியார் கஜ்னி நகரில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, ஒரு சட்ட அறிஞர் நலம் விசாரிக்க வந்தார். மூச்சுத் திணறிக் கொண்டிருந்த பீரூனி, பாட்டிமார்களுக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கைப் பற்றி முன்பொரு நாள் சொன்னீர்களே, அக்கணக்கை மறுபடி விளக்குங்கள் என்றாராம். வந்தவருக்கு இரக்கம் மேலிட்டது. இந்த நிலையிலா என்று கேட்டார். அதை அறியாதவனாக இவ்வுலகை விட்டுப் போவதைவிட, அறிந்தவனாகப் போவது மேலல்லவா என்ற பொருளில் பீரூனி மறுமொழி தந்தார். அறிஞர் விளக்கினார். பீரூனி அதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் வாங்கிக் கொண்டார். விடைபெற்று வெளியே வந்தவர் தெருவிலே நடந்து கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து அழுகைக் குரல் எழுந்துவிட்டது. இச்சம்பவத்தை யாகூத் என்னும் ஆசிரியர் அறிஞர்களின் வரலாற்றைத் திரட்டிய தம் நூலில் பதிந்திருக்கிறார்.

நம் அன்பர் கேட்ட அதே வினாவைத்தான் அந்தச் சட்ட அறிஞரும் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் ஆண்டுகளாக அது கேட்கப்பட்டு வருகிறது. பீரூனி தந்த விடையில் லாப நஷ்டப் பேச்சே இல்லை. அறிதல் அறியாமையைவிட மேல், அவ்வளவுதான். அது ஒரு நிமிடத்திற்கானாலும் சரி, ஐம்பது ஆண்டுக்கானாலும் சரி.

பீரூனி மேதை, நாம் யார் என்று கேட்கலாம். நியாயம். அப்படியானால் மர்வு நகரத்துப் பூட்டுக்காரரைப் பார்ப்போம். அல்கஃப்பால் என்ற அவருடைய பெயருக்கே பூட்டுச் செய்பவர் என்றுதான் அர்த்தம். முப்பது வயதளவும் பூட்டும் சாவியுமே அவருடைய உலகம். அதற்குப் பிறகே ஓதத் தொடங்கினார். ஹிஜ்ரி 417-இல் அவர் காலமானபோது ஷாஃபி மத்ஹபின் பேரிமாம்களில் ஒருவராக விளங்கினார். மலாய் நாட்டிலும் நம் கடற்கரையூர்களிலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நாம், ஒரு கைத்தொழிலாளி காலம் தாழ்ந்து கற்ற கல்வியின் நிழலில் நிற்கிறோம் என்றே சொல்லலாம்.

இது நிற்க. சொற்பொழிவைக் கேட்பதும் கற்பதாகுமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. பரீட்சை இல்லை, புத்தகம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போவது என்ன கல்வி என்பர். இதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. திருவள்ளுவர் கல்வி என்று ஓர் அதிகாரமும், கல்லாமை என்று ஓர் அதிகாரமும் வைத்தபின், மூன்றாவதாகக் கேள்வி என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். படிக்க வாய்க்காதவனும் கேட்கலாம், தளர்ச்சி வருங்கால் அது கைத்தடி போலத் தாங்கும் என்பது அவர் கருத்து. தளர்ச்சி என்றால் முதுமையும் அதில் அடக்கந்தானே. கேள்வி என்ற சொல்லுக்குக் காதால் கேட்பது என்பதும், வாயால் வினவுவது என்பதும் ஆகிய இரு பொருளையும் தமிழ் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது. இது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேட்டவனுக்குத்தான் கேட்கத் தோன்றும்.

நம் முன்னோர் பெரும்பாலும் காதால் கற்றவர்களே. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஒருவர் படித்துப் பொருள் சொல்ல, ஊரே கூடியிருந்து கேட்டது. எழுத்தறியாத பாட்டிமார்கள் பத்ருப் போர்க்களத்தை நேரில் பார்த்தது போல வர்ணித்தார்கள். இந்த நாட்டிலும் அப்படியே. தோட்டத்து லயத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் தமிழ் நேசனைக் கையில் எடுத்தால் சுற்றிலும் பத்துப் பேர் குந்தி உட்கார்ந்து உலகச் செய்தி கேட்டார்கள். 1924-இல் தோன்றிய அப்பத்திரிகை 2019-இல் நின்று போயிற்று. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பழக்கம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. இன்று எல்லார் கையிலும் கருவி இருக்கிறது. ஆயினும் பெரியவர்களோடு கூட இருந்து சொல்வார் யாருமில்லை.

சரி, இன்று நாம் நம் மூத்தவர்களுக்கு என்ன சொல்கிறோம்? இங்கேதான் நமக்கு மனக்குறை. பெரியவர்களுக்கென்று ஒரு கூட்டம் கூட்டினால் அதன் பொருள் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும். மற்றொன்று, மௌத்தும் கபுறும். இரண்டும் அவசியமானவையே. அவற்றைக் குறை சொல்ல நாம் துணியோம். ஆனால் இவ்விரண்டை மட்டுமே ஒருவருக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொண்டிருந்தால், அதன் உட்பொருள் என்ன? நீர் கெட்டுக் கொண்டிருக்கும் ஓர் உடம்பு, சீக்கிரம் புறப்பட இருக்கும் ஒரு பயணி, இதற்கு மேல் உம்மிடம் பேச எங்களுக்கு ஒன்றுமில்லை என்பதல்லவா? ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, அரிசி, சீனி, பிஸ்கோத்து அடங்கிய பை ஒன்றைக் கையில் கொடுத்து, படம் பிடித்துக் கொண்டு அனுப்பி விடுகிறோம். மரியாதை முடிந்துவிட்டது! அவருக்கு மூளை என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் பசியோடு இருக்கக் கூடும் என்பதை எந்தப் பையில் போட்டுக் கொடுத்தோம்?

வயதான காலத்தில் தஸ்பீஹும் திக்ருமாக இருக்க விடுங்கள், உலக விஷயத்தைத் திணிக்காதீர்கள் என்று மார்க்கப் பற்றுள்ளவர்கள் சொல்வர். அவர்களுடைய எண்ணம் உயர்ந்தது. ஆனால் உண்மை நிலைமையைக் கண் திறந்து பார்க்க வேண்டும். ஐவேளைத் தொழுகையும் ஓதலும் போக மிகுந்த நேரம் எங்கே போகிறது? தொலைக்காட்சித் தொடருக்கும், யாரோ எங்கிருந்தோ அனுப்பும் கைப்பேசிப் புரளிகளுக்கும்தான் பெரும்பகுதி போகிறது. எலுமிச்சம்பழம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று எமது கடைக்கு வந்து நாலு கிலோ வாங்கிப் போனவர்கள் உண்டு. வியாபாரம் நடந்தது என்று நாம் மகிழ்ந்துவிட முடியுமா? திக்ரின் இடத்தை நாம் கேட்கவில்லை. புரளியின் இடத்தைத்தான் கேட்கிறோம்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சற்றுப் பார்க்கலாம். பிரான்சு தேசத்துத் தூலூஸ் நகரில் 1973-இல் பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் ஓய்வு பெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டார். அதற்கு மூன்றாம் பருவத்துப் பல்கலைக்கழகம் என்று பெயர் வந்தது. படிக்கும் பருவம் ஒன்று, பிழைப்புக்கு உழைக்கும் பருவம் இரண்டு, அவை கழிந்து கால் தளர்வதற்கு முன் கிடைக்கும் பருவம் மூன்று என்பது கணக்கு. அங்கே பேராசிரியர்கள் பேச, முதியவர்கள் கேட்டார்கள். பின்னர் 1980-களின் தொடக்கத்தில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் முதலியோர் இங்கிலாந்தில் அதை வேறு மாதிரியாக நடத்தினர். தெரிந்த முதியவர் தெரியாத முதியவருக்குச் சொல்லித் தருவது. அடுத்த வாரம் அவர் இவருக்குச் சொல்லித் தருவது. நுழைவுத் தகுதி கிடையாது, பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. இன்று அந்நாட்டில் லட்சக்கணக்கான பேர் அதில் சேர்ந்திருக்கின்றனர். நம் மலேசியாவிலும் 2007-ஆம் ஆண்டளவில் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் நிலையம், ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியத்தின் உதவியோடு இம்முயற்சியைத் தொடங்கியது. மூத்தோர் அங்கே கணினியும் மொழியும் கைவேலையும் கற்றனர். ஆனால் செர்டாங் எங்கே, பத்து காஜா எங்கே!

இங்கே ஒரு சொல்லைப் பற்றிய வேடிக்கையும் உண்டு. தமிழில் முதியோர் கல்வி என்ற பெயர் வெகுகாலமாக வழங்கி வருகிறது. இந்தியாவில் 1978-இல் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம் யாருக்காக ஏற்பட்டது தெரியுமா? 15 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு! இங்கே 1961-இல் கிராம வளர்ச்சிக்கென எழுந்து பின்னர் கெமாஸ் என்று பெயர் பெற்ற துறையும் எழுத்தறியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவிப்பதிலிருந்தே ஆரம்பித்தது. அவை அரிய தொண்டுகள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தால் நம் சமுதாயப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தெருவில் ஓட்டிச் சென்றனர். எனினும் எல்லாத் திட்டத்திலும் வேலைக்காகும் வயதினரே நோக்கம். முதியோர் கல்வி என்ற பெயர்ப் பலகையின் கீழ் முதியவருக்கு நாற்காலி இல்லை.

கேரளத்தில் மட்டும் ஒரு புதுமை நடந்தது. 2018-இல் கார்த்தியாயினி அம்மாள் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்கு 98 எண்கள் வாங்கினார். மறு ஆண்டு கொல்லத்துப் பாகீரதி அம்மாள் 105 வயதில் நான்காம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுதினார். இருவரும் இப்போது காலமாகிவிட்டனர். பத்திரிகைகளெல்லாம் அவர்களுடைய வயதையே பெரிய எழுத்தில் போட்டன. அவர்கள் என்ன படித்தார்கள், எது பிடித்தது, எது கடினமாக இருந்தது என்று கேட்டவர் குறைவு. முதியவர் கற்றால் அது அதிசயம், வேடிக்கை, படம் பிடிக்கத் தக்கது என்ற மனப்பான்மை நமக்குச் சம்மதமில்லை. பிள்ளை கற்றால் யாராவது கைதட்டிப் படம் பிடிக்கிறார்களா?

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். எமது கடை வாசல் பலகையில் மாலையில் வந்து அமரும் பெரியவர்களில் ஒருவர் ஈயக் கப்பலில் முப்பது ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவர். தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் கப்பலை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 1938-இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடை. சங்கிலியில் கோத்த வாளிகள் குளத்தின் அடியிலிருந்து சேற்றை அள்ளி அள்ளி மேலே கொட்டும். 1982-இல் அது ஓய்ந்தது. 1985 அக்டோபரில் ஈய விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரிக்க, கிந்தாப் பள்ளத்தாக்கில் மிச்சமிருந்த லம்பங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இந்தப் பெரியவர் ஒரு நாள் கேட்டார்: "ஏன் தம்பி, இவ்வளவு ஈயமும் இந்தப் பள்ளத்தில் மட்டும் எப்படி வந்து சேர்ந்தது?"

நமக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்தவர்களை விசாரித்து அறிந்து கொண்டோம். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக் குழம்பு மேலெழும்பி இறுகிக் கருங்கல்லாயிற்று. கிழக்கே தித்திவங்சா மலைத் தொடரும், மேற்கே கிளேடாங் குன்றுகளும் அதுதான். குழம்பு ஆறியபோது கடைசியாக வெளிப்பட்ட சூடான நீரோடு ஈயத்தாது பாறை வெடிப்புகளில் படிந்தது. பின்னர் கோடிக்கணக்கான மழைக் காலங்கள் கல்லைக் கரைத்தன. தாது தண்ணீரைப் போல ஆறேழு மடங்கு கனமுள்ளது. ஆகையால் மணல் அடித்துக் கொண்டு போக, தாது மட்டும் பள்ளத்தில் தங்கிவிட்டது. பள்ளத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லோ கருங்கல்லுக்கும் முந்தியது. கடலடியில் உண்டானது. ஆம், இந்த இடம் ஒரு காலத்தில் கடல்! இதை அவரிடம் சொன்னபோது வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, வாளியில் வந்த கசடு உதறுபலகையில் ஓடும்போது ஈயம் ஏன் முதல் தட்டிலேயே தங்கிற்று என்பது இப்போதுதான் விளங்குகிறது என்றார். தம் கையாலேயே முப்பது ஆண்டு செய்த வேலையின் காரணம் அவருக்கு முதன்முறையாக அன்று தெரிந்தது. அவருக்கு வேலை கொடுத்தவர்களுக்கு அது தெரியும். கூலியைக் கொடுத்தார்கள், காரணத்தைக் கொடுக்கவில்லை.

அவரோடு இது முடியவில்லை. பால்மரம் வெட்டிய நம் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். கோழி கூவுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு தீம்பாருக்குப் போனார்கள். ஏன் விடியுமுன்? கங்காணி பேர் கூப்பிடுவார், தாமதமானால் அரைநாள் கூலி போய்விடும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த காரணம். மெய்யான காரணம் மரத்தில் இருந்தது. இரவின் குளிர்ச்சியில் மரம் நீரை நிறைய ஏந்திக் கொள்வதால் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டியவுடன் பால் வேகமாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அழுத்தம் குறைந்து, பால் சுரப்பும் குறையும். அம்மரமே பிரேசில் நாட்டிலிருந்து 1876-இல் விதையாக இலண்டனுக்குப் போய், 1877-இல் கன்றாக இங்கே வந்ததாகும். அக்காலத்தில் நட்டவற்றில் ஒன்று நம் பேராக்கின் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. நாற்பது ஆண்டு மரத்தோடு வாழ்ந்தவர்கள் அம்மரத்தின் கதையை அறியாமலே கபுறுக்கும் சுடுகாட்டுக்கும் போனார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கெல்லி கோட்டையும் அப்படித்தான். அதைக் கட்டுவித்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்து போனதால் அது அரைகுறையாக நின்றுவிட்டது. நம் தமிழ் மக்கள் வந்து எழுப்பிய சுவர்கள் அவை. இன்று அங்கே போவோருக்குப் பேய்க் கதைதான் அதிகம் கிடைக்கிறது.

எனவே நம் அன்பரின் வினாவுக்கு நாம் தரும் விடை இதுதான். முதியவருக்குச் சொற்பொழிவு என்பது புதுச் சரக்கை அவர் தலையில் கட்டுவதன்று. அவருடைய பேரேட்டில் வரவும் செலவும் ஏற்கனவே நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. எந்த வியாபாரியும் கடையை மூடும் நேரத்தில்தான் கணக்குப் பார்க்கிறான். மூடும் நேரத்தில் கணக்கு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. தம் வாழ்நாள் ஏன் இப்படிப் போயிற்று, எந்த மண்ணில் நின்றோம், எந்த மரத்தால் பிழைத்தோம் என்பதை அறிவது அவருக்குச் சேர வேண்டிய பாக்கி. பாக்கியைக் கொடுக்கும்போது, இவ்வளவு தாமதமாக வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று கடன்காரன் கேட்கலாமோ?

இதோடு நிறுத்திக் கொண்டால் அதுவும் நியாயமாகாது. ஈயக்காரருக்கு ஈயம், பால்வெட்டுக்காரருக்குப் பால்மரம் என்று பங்கு பிரித்துவிட்டால், அதுவும் அவர்களைப் பழைய வேலையோடு கட்டிப் போடுவதுதான். கப்பலில் வேலை செய்தவருக்கு வானசாஸ்திரத்தில் ஆசை இருக்கலாம். பிறையை எப்படிக் கணிக்கிறார்கள், கிப்லாவின் திசையை இங்கிருந்து எப்படி வரையறுக்கிறார்கள், லெங்கோங் பள்ளத்தாக்கில் 1991-இல் தோண்டி எடுத்த பேராக் மனிதன் என்னும் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்திய எலும்புக்கூடு என்ன சொல்கிறது, பாகப்பிரிவினைச் சட்டம் என்ன, பழைய நாணயங்கள், பறவைகள், கைப்பேசியில் பணம் பறிக்கும் மோசடிக்காரர்களின் தந்திரம், எதுவானாலும் சரி. மௌத்தைப் பற்றிய பயானும் சர்க்கரை வியாதியும் அந்த வரிசையில் ஒவ்வோர் இடம் பெறட்டும். வரிசை முழுவதையும் அவையே பிடித்துக் கொள்ளக் கூடாது என்பதுதான் நம் வாதம்.

பேச ஆள் எங்கே என்று கவலைப்பட வேண்டியதில்லை. செரி இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஈப்போவில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றும் நமக்குக் கிட்டத்தான். நம் பிள்ளைகளும் அங்கே பயில்கிறார்கள். மரியாதையாக ஒரு கடிதம் எழுதினால் வரமாட்டோம் என்று சொல்வார்களா? மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். அதோடு இங்கிலாந்துக்காரர் வழியையும் விடக் கூடாது. ஈயம் எப்படி உண்டாயிற்று என்பதை மண்ணியல் ஆசிரியர் சொல்லட்டும். வாளிச் சங்கிலி அறுந்தால் அன்றிரவு என்ன நடக்கும் என்பதைப் பலகையிலிருக்கும் நம் பெரியவர்தான் சொல்ல முடியும். இருவரும் ஒரே மேடையில் அமர வேண்டும். ஆசிரியரும் ஏதேனும் கற்றுக் கொண்டு போவார்.

நடத்தும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். பேச்சு அரைமணி, வினா அரைமணி. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று நாலு பேர் ஏறி நேரத்தைத் தின்பது நம் சங்கங்களின் பழம்பெரும் வியாதி. அதற்குச் சர்க்கரை வியாதியைப் போலவே பத்தியம் தேவை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் வசதியானது. காது மந்தமானவர்கள் முன் வரிசையில் இருக்கட்டும். முன் வரிசை பிரமுகர்களுக்கு என்ற சட்டத்தை அன்று ஒரு நாள் தள்ளி வைப்போம். பெண்களுக்கு இடம் ஒதுக்குகிறோம் என்று சொல்லி, ஒலிபெருக்கிச் சத்தம் போகாத பின்கட்டில் உட்கார வைப்பது ஒதுக்குவதன்று, விலக்குவதாகும். அவர்கள் கேட்கும் வினா மேடைக்கு எட்ட வேண்டும். தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஹிந்து சகோதரர்களின் பெரியவர்களும் வரட்டும். அவர்களும் நம்மவர்களும் ஒரே மரத்தை வெட்டியவர்கள்தாம்.

செலவு அதிகமில்லை. பேச்சாளரின் வண்டிச் செலவும், எல்லாருக்கும் தேநீரும், பலகாரமும். தேநீரில் சீனி தனியாக வைக்கப்படும்! ஆண்டு விழாப் பொன்னாடைக்கு ஆகும் தொகையில் நாலைந்து கூட்டம் நடத்திவிடலாம் என்று கணக்குப் போட்டு நிர்வாகத்தாரிடம் கொடுத்திருக்கிறோம்.

முதற் சொற்பொழிவு ஈயத்தைப் பற்றியா, பிறையைப் பற்றியா என்று நிர்வாகத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று. மூத்தவர்களையே கேட்டு விடுவோம் என்று சொன்னோம். ஈயக் கப்பல் பெரியவர் இப்போது ஈயம் போதும், பிறையைச் சொல்லுங்கள் என்கிறார். எண்பதைத் தாண்டிய ஒரு நன்னியம்மா, பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர், பேத்தி மூலமாக ஒரு வினாவை அனுப்பியிருக்கிறார். கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது ஏழு நாளும் அதையே நினைத்துக் கொண்டு வந்தாராம், கேட்க ஆள் கிடைக்கவில்லையாம்: ஆறெல்லாம் நல்ல தண்ணீராய்த்தானே போய் விழுகிறது, கடல் மட்டும் ஏன் உப்பாக இருக்கிறது?